தாய்ப்பத்திரம் இல்லாத ராஜ்ஜியம்

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், கூடத்தில் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, ரஷ்யா இங்கே இருக்கு. போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவுல இந்தத் துண்டுக்கும் ரஷ்யான்னு போட்டிருக்கே, இது எப்படித் தனியா வந்துது?"

இரண்டாம் உலகப் போரின் முடிவில் சோவியத் ரஷ்யா எடுத்துக்கொண்ட இடம், இப்போது கலினின்கிராட் என்று பெயர், அதற்கு முன் ஜெர்மனியில் கோனிக்ஸ்பெர்க் என்றிருந்தது என்றேன். தத்துவ மேதை இம்மானுவேல் கான்ட் பிறந்து, வாழ்ந்து, இறந்த ஊர் என்பதும் ஞாபகம் வந்தது. அவன் விடவில்லை. கையிலிருந்த போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கோனிக்ஸ்பெர்க்னா ராஜாவோட குன்றுன்னு அர்த்தமாம். எந்த ராஜா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அந்த ராஜாவைத் தேடப் போனவன் நேரே 13-ஆம் நூற்றாண்டில் போய் நின்றேன். அங்கே நான் கண்டதை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் நிலப் பத்திரங்களைப் படித்தே காலம் தள்ளியவன் நான். தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் உண்டா, அனுபோகத்தில் இருப்பது யார் என்று கேட்டுப் பழகிய மூளை. ஆகவே மற்றவர்கள் போர்களைப் பார்க்கிற இடத்தில் எனக்குக் காகிதங்கள்தான் கண்ணில் படுகின்றன. இந்தக் கதையில் காகிதங்களுக்குக் குறைவே இல்லை.

கதையின் நாயகர்கள் ஒரு துறவியர் சபையினர். சிலுவைப் போர்க் காலத்தில், 1190-ல், பாலஸ்தீனத்தின் ஆக்ரே துறைமுகத்தைக் கிறிஸ்தவப் படைகள் முற்றுகையிட்டிருந்தபோது, ப்ரெமன், லூபெக் நகரங்களிலிருந்து வந்த ஜெர்மானிய வணிகர்கள் கப்பல் பாயைக் கூடாரமாகக் கட்டி நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை வைத்தார்கள். ஆரம்பம் அவ்வளவுதான், சேவை. எட்டே வருஷத்தில், 1198-ல், அது ஆயுதம் ஏந்திய சபையாக மாறியது. மறு வருஷம் போப் மூன்றாம் இன்னொசென்ட் அங்கீகாரம் கொடுத்தார். டியூட்டானிக் சபை என்று சரித்திரம் அதை அழைக்கிறது. வெள்ளை மேலங்கி, அதில் கறுப்புச் சிலுவை. ஏற்கனவே வெள்ளை அங்கி அணிந்துவந்த டெம்ப்ளர் சபையினர், 'எங்கள் உடையை இவர்கள் எப்படிப் போடலாம்' என்று போப் வரையில் புகார் கொண்டு போனார்களாம். துறவிகளுக்குள்ளும் இப்படி.

பிரம்மசரியம், சொத்தின்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று விரதங்கள். ஒவ்வொரு சகோதரருக்கும் தனியே ஒரு காசு கூடச் சொந்தமில்லை. ஆனால் சபைக்குச் சொந்தமாக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த நுணுக்கத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாள் ஏந்திய துறவி என்றால் நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நம் நாட்டிலும் ஆயுதம் தரித்த நாகா சந்நியாசிகள் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு தேசத்தையே ஆண்டதில்லை. இவர்கள் ஆண்டார்கள்.

சபையின் பெருந்தலைவராக 1210-ஐ ஒட்டிப் பொறுப்பேற்றவர் ஹெர்மன் வான் சால்சா. இவரைப் போல ஒரு ராஜதந்திரியை அந்த நூற்றாண்டில் காண்பது அரிது. அப்போது ஐரோப்பாவில் இரண்டு பெரிய தலைகள்: ரோமில் போப், ஜெர்மனியையும் இத்தாலியின் பெரும் பகுதியையும் ஆண்ட சக்ரவர்த்தி இரண்டாம் ஃப்ரெடெரிக். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். 1227-ல் போப் ஒன்பதாம் கிரெகரி சக்ரவர்த்தியை மதப் பிரஷ்டம் செய்தார். பிரஷ்டமான நிலையிலேயே அவர் கிழக்கே போய், எகிப்து சுல்தான் அல்-காமிலுடன் 1229-ல் உடன்படிக்கை செய்து, ஒரு போரும் நடத்தாமல் ஜெருசலேமைத் திரும்பப் பெற்றார். அப்போது பக்கத்திலேயே இருந்தவர் ஹெர்மன். மறு வருஷம் போப்பையும் சக்ரவர்த்தியையும் சமாதானம் செய்து வைத்ததிலும் அவர் கை உண்டு. 1239 மார்ச் 20-ஆம் தேதி ஹெர்மன் காலமானார். அதே நாளில்தான் போப் இரண்டாம் முறையாகச் சக்ரவர்த்தியைப் பிரஷ்டம் செய்தார். நடுவில் நின்று பேச ஆள் இல்லாமல் போயிற்று.

இப்படி இரண்டு இடத்திலும் செல்வாக்குள்ளவர் என்ன செய்வார்? ஒரே நிலத்துக்கு இரண்டு இடத்திலும் பட்டா வாங்குவார். ஹெர்மன் அதைத்தான் செய்தார். ஆனால் முதல் முயற்சியில் கை சுட்டது.

அது ஹங்கேரியில். அரசர் இரண்டாம் ஆண்ட்ரூவுக்குக் கிழக்கு எல்லையில் குமானியர் என்ற குதிரைப் படைக் கூட்டத்தாரால் ஓயாத தொல்லை. 1211-ல் அவர் டியூட்டானிக் சபையை அழைத்து, மலையடிவாரத்தில் புர்சன்லாந்து என்ற பகுதியைக் கொடுத்தார். இன்று ருமேனியாவில் ப்ராஷோவ் நகரம் இருக்கும் பிரதேசம். அந்த சாஸனத்தை எழுதியவர் விஷயம் தெரிந்தவர். வரி கிடையாது, சந்தை வைத்துக்கொள்ளலாம், பொன்னோ வெள்ளியோ கிடைத்தால் பாதி அரசருக்கு. கோட்டை கட்டலாம், ஆனால் மரத்தால்தான் கட்ட வேண்டும். இந்த ஒரு ஷரத்தைப் படித்தபோது எனக்கு அந்த அரசர் மீது மரியாதை வந்தது. மரக்கோட்டையில் இருப்பவர் குடியிருப்பவர். கல்கோட்டை கட்டினால் சொந்தக்காரராகி விடுவார்.

குமானியர் பின்வாங்கினார்கள், குடியேற்றம் வளர்ந்தது. 1224-ல் சபையினர், அரசரைக் கலக்காமலே, புர்சன்லாந்தைப் போப்பின் நேரடிப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும்படி விண்ணப்பம் செய்தார்கள். போப் மூன்றாம் ஹொனோரியஸ் ஒப்புக்கொண்டார். அதாவது, வாடகைக்கு வந்தவர் வீட்டை வேறொருவர் பேரில் பதிவு செய்துவிட்டார். ஆண்ட்ரூ அதிகம் யோசிக்கவில்லை. 1225-ல் படையோடு போய் அவர்களை வெளியேற்றினார். போப் எழுதிய ஆட்சேபக் கடிதங்களால் பயன் ஒன்றும் விளையவில்லை.

ஹெர்மன் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்: காகிதம் முதலில், கால் வைப்பது பிறகு.

வாய்ப்பும் உடனே வந்தது. போலந்து அப்போது ஒரே அரசாக இல்லை. பல பிரபுக்களிடையே சிதறிக் கிடந்தது. அவர்களில் மசோவியா பிரபு கொன்ராட் என்பவர். அவருக்கு வடக்கே, பால்டிக் கடற்கரையில் விஸ்துலா நதிக்கும் நீமன் நதிக்கும் இடையே, பிரஷ்யர் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். கொன்ராட் அவர்கள் மேல் படையெடுப்பதும், அவர்கள் திருப்பிப் படையெடுத்து வந்து கொள்ளையிடுவதும் வாடிக்கை. கடைசியில் கொன்ராட் டியூட்டானிக் சபையின் உதவியை நாடினார். விஸ்துலா கரையில் குல்ம் என்ற பகுதியைத் தருவதாகச் சொன்னார்.

ஹெர்மன் கிளம்பவில்லை. நேரே சக்ரவர்த்தியிடம் போனார். ரிமினி நகரின் பெயரால் வழங்கும் பொன் முத்திரை சாஸனம் அங்கே பிறந்தது. குல்ம் மட்டுமல்ல, இனி பிரஷ்யாவில் சபை வெற்றி கொள்ளும் நிலம் முழுவதும், மலை, நதி, காடு, கடல் உட்பட, சர்வ சுதந்திர பாத்தியமாக சபைக்கே என்கிறது அது. சாஸனத்தில் 1226 மார்ச் என்று தேதி இருக்கிறது. உண்மையில் அது 1235-ல் எழுதப்பட்டு முன்தேதி இடப்பட்டது என்று இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முன்தேதியிட்ட பத்திரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சக்ரவர்த்தியின் பொன் முத்திரையோடு பார்த்ததில்லை.

அடுத்தது, 1230-ல் க்ருஷ்விட்ஸ் என்ற இடத்தில் கொன்ராட் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தானப் பத்திரம். இதன் மூலப் பிரதி இல்லை. இது போலி என்று போலந்து சரித்திராசிரியர்கள் பலரும், உண்மை என்று ஜெர்மானியர் பலரும் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். மூன்றாவதாக, 1234-ல் ரியேட்டி நகரில் போப் ஒன்பதாம் கிரெகரி வெளியிட்ட ஆணை. அந்த நிலம் அப்போஸ்தலர் பீட்டரின் சொத்து, அதை சபைக்கு நிரந்தரமாகத் தருகிறோம் என்கிறது. ஆக, ஒரே நிலத்தைச் சக்ரவர்த்தி தனது என்று சொல்லிக் கொடுக்கிறார்; போப் தனது என்று சொல்லிக் கொடுக்கிறார்; கொன்ராட் தன் பங்குக்குக் கொடுக்கிறார். மூன்று பேரில் சக்ரவர்த்தியும் போப்பும் அந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை. அனுபோகத்தில் இருந்த பிரஷ்யரின் பெயர், ஜெயிக்கப்பட வேண்டியவர்கள் என்ற அளவில்தான் இந்தக் காகிதங்களில் வருகிறது.

அந்த பிரஷ்யர் யார்? பெயரைப் பார்த்து ஜெர்மானியர் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மானிய மொழிக்கும் அவர்கள் மொழிக்கும் தூரம் அதிகம். லிதுவேனிய, லாத்விய மொழிகளுக்கு உடன்பிறப்பான மொழி அது. சமஸ்கிருதம் படித்த நம் அன்பர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். பிரஷ்ய மொழியில் கடவுளுக்கு டெய்வ்ஸ் என்று பெயர், ஆண்மகனுக்கு வீர்ஸ். லிதுவேனிய மொழியில் இன்றும் மகன் சூனுஸ், நெருப்பு உக்னிஸ். தேவ, வீர, சூனு, அக்னி என்று நாம் சொல்பவற்றுக்கு அவை தூரத்துப் பங்காளிகள்.

அவர்களுக்கு ஒரே அரசன் கிடையாது. பொமேசானியர், வார்மியர், நாத்தாங்கியர், பார்த்தியர், சாம்பியர், சுடோவியர் என்று பல குலங்கள், தனித்தனித் தலைவர்கள். எழுத்து கிடையாது. புனிதமான தோப்புகள், ஓக் மரங்கள். இறந்தவரைத் தகனம் செய்யும் வழக்கம். சாம்பியாக் கடற்கரையில் கடல் ஒதுக்கித் தள்ளும் அம்பர் என்ற பொன்னிறப் பிசின் ரோமானியர் காலத்திலிருந்தே தெற்கே போய்க்கொண்டிருந்தது. பிற்காலத்தில் இந்த அம்பர் வியாபாரம் முழுவதையும் சபையே கைப்பற்றியது. ப்ரூஜ், லூபெக் நகரங்களின் கைவினைஞர்கள் அதை வாங்கி ஜபமாலை செய்தார்கள்.

அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, சபையைச் சேர்ந்த பாதிரியாரான டுஸ்பர்க் பீட்டர் 1326-ல் முடித்த வரலாற்று நூலிலிருந்து வருகிறது. அதாவது பிரதிவாதியைப் பற்றி வாதியின் வக்கீல் எழுதியது. இருந்தாலும் அவர் நேர்மையாகச் சில விஷயங்களைப் பதிவு செய்திருக்கிறார். அதற்காக அவரை வாழ்த்த வேண்டும்.

1231-ல் ஹெர்மன் பால்க் என்ற தளபதி ஒரு சிறு படையுடன் விஸ்துலாவைக் கடந்தார். ஒரு பெரிய ஓக் மரத்தையே அரணாக்கி, கிளைகளுக்கு நடுவே தடுப்புக் கட்டி உட்கார்ந்ததாக டுஸ்பர்க் சொல்கிறார். மரத்தை வணங்கியவர்களின் நாட்டில் மரத்தின் மேலேயே முதல் கோட்டை. தோர்ன் நகரம் பக்கத்தில் எழுந்தது. 1473-ல் கோபர்நிகஸ் பிறந்த ஊர் அது. ஒரு நதி, ஒரு கோட்டை, அடுத்து ஒரு நகரம், அதில் ஜெர்மனியிலிருந்து வந்த குடியேறிகள் என்று படிப்படியாக வடக்கே போனார்கள். ஒவ்வொரு பருவத்திலும் பாவமன்னிப்பு வாக்குறுதியை நம்பி ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் சிலுவை வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் திரும்பிப் போவார்கள். சபை அங்கேயே இருக்கும். இதற்கிடையே வடக்கே லிவோனியாவில் 'வாள் சகோதரர்கள்' என்ற இன்னொரு சபை 1236-ல் சாவுலே போரில் நாசமாகி, மிஞ்சியவர்கள் மறு வருஷம் இந்த சபையோடு இணைக்கப்பட்டார்கள். அந்தக் கிளைதான் 1242-ல் பெய்பஸ் ஏரியின் பனிக்கட்டி மேல் ரஷ்ய இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கியிடம் தோற்றது.

பேரன் கேட்ட ராஜாவும் இப்போது வருகிறார். பொஹீமியாவின் அரசர் இரண்டாம் ஒட்டோகர். 1255 குளிர்காலத்தில் பெரும் படையோடு வந்து சாம்பியாவை அடக்கினார். அங்கே ப்ரெகல் நதிக்கரையில் பிரஷ்யர்கள் ட்வாங்க்ஸ்தே என்று அழைத்த இடத்தில் எழுந்த கோட்டைக்கு அவரை கௌரவித்து 'ராஜாவின் குன்று' என்று பெயரிட்டார்கள். சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். போலந்து மொழியில் அதே ஊருக்கு க்ருலேவியெத்ஸ் என்று பெயர், அதே அர்த்தம். 2023-ல் போலந்தின் பெயர்க் குழு, கலினின்கிராட் என்று சொல்வதை விட்டு அந்தப் பழைய பெயரையே வழங்கும்படி பரிந்துரைத்தது. ஒரு குளிர்காலத்துக்கு வந்து போனவரின் பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. ட்வாங்க்ஸ்தே என்று யாரும் சொல்வதில்லை.

காகிதங்களுக்குத் திரும்புவோம். பிரஷ்யர்கள் ஒரு தரப்பாக அமர்ந்து ஒப்பந்தம் செய்துகொண்ட பத்திரம் ஒன்று உண்டு. அதைத்தான் நான் மிகவும் நேரம் செலவழித்துப் படித்தேன். 1242-ல் ஞானஸ்நானம் பெற்றிருந்த பிரஷ்யர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பக்கத்து நாட்டுக் கிறிஸ்தவப் பிரபுவான பொமரேலியாவின் ஸ்வான்டோபோல்க் அவர்கள் பக்கம் சேர்ந்தார். ஏழு வருஷச் சண்டைக்குப் பிறகு போப்பின் தூதராக வந்த ஜாக் பான்டலேயோன் (பின்னாளில் இவரே நான்காம் அர்பன் என்ற போப் ஆனவர்) இரு தரப்பையும் உட்கார வைத்து, 1249 பிப்ரவரி 7-ஆம் தேதி கிறிஸ்ட்பர்க் உடன்படிக்கையை எழுதினார்.

அதில் மதம் மாறிய பிரஷ்யருக்குக் கிடைத்த உரிமைகள் ஆச்சரியமானவை. சொத்து வாங்கலாம், விற்கலாம், வாரிசுக்கு விடலாம். வழக்குத் தொடுக்கலாம். பாதிரியாராகலாம், உயர்குலத்தவரானால் வீரப் பட்டமும் பெறலாம். எந்தச் சட்டத்தின் கீழ் வாழ விருப்பம் என்று அவர்களையே கேட்டார்கள். அவர்கள் பக்கத்து போலந்துக்காரரின் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நன்றாக யோசித்தே செய்திருக்கிறார்கள்; எதிராளியின் சட்டம் வேண்டாம் என்று.

மறு பக்கத்தில் அவர்கள் விட்டுக்கொடுத்தவை: அறுவடைக்குப் பின் வழிபட்ட குர்க்கே என்ற தெய்வத்தை வணங்கக் கூடாது. பல தாரம் கூடாது, பணம் கொடுத்துப் பெண் வாங்கக் கூடாது. இறந்தவர்களை எரிக்கக் கூடாது, கிறிஸ்தவ இடுகாட்டில் புதைக்க வேண்டும். ஈமச் சடங்கில் நின்று, மாண்டவர் வெண்குதிரை மேல் பளபளக்கும் ஆயுதங்களோடு வானில் போவதைத் தாங்கள் கண்ணால் காண்பதாகச் சொல்லும் சடங்குக்காரர்களை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சடங்குக்காரர்களின் பெயரும் தொழிலும் நமக்குத் தெரிவதே, அவர்களைத் தடை செய்த இந்த ஷரத்தினால்தான். நம் வீடுகளில் அபர காரியங்களுக்கு இருக்கிற இடத்தை நினைத்துப் பார்த்தால், அந்த வரிகளைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியவில்லை. பெண்ணை விலைக்கு வாங்குவதைத் தடுத்தது நல்லதுதான். அதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு நிபந்தனை. மதத்தை விட்டுப் போனாலோ, ஆயுதம் எடுத்தாலோ அந்த உரிமைகள் ரத்து. அதே வருஷம் நவம்பரில் க்ரூக்கன் என்ற ஊரில் நாத்தாங்கியர்கள் சபையின் 54 வீரர்களைக் கொன்றார்கள் என்கிறார் டுஸ்பர்க். பத்திரத்தின் மை காயவில்லை.

1260 ஜூலையில் துர்பே ஏரிக் கரையில், லிதுவேனிய இனத்தாரான சமோகிதியர்கள் லிவோனியக் கிளையைத் தோற்கடித்து 150 வீரர்களைக் கொன்றார்கள். செய்தி பரவியதும் செப்டம்பரில் பிரஷ்யக் குலங்கள் பலவும் ஒரே சமயத்தில் எழுந்தன. 'மகா கலகம்' என்று பெயர். நாத்தாங்கியரின் தலைவர் ஹெர்குஸ் மாண்டே. சிறு வயதில் பிணையாகப் பிடிக்கப்பட்டு ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் வளர்ந்தவர். ஹைன்ரிக் என்று ஞானஸ்நானப் பெயர், லத்தீன், ஜெர்மன் எல்லாம் தெரியும். அவர்கள் போர் முறையை அவர்களிடமே கற்றுக்கொண்டவர்.

டுஸ்பர்க் சொல்லும் ஒரு சம்பவம். 1261-ல் போகார்விஸ் போரில் ஜெயித்த நாத்தாங்கியர்கள், கைதிகளில் ஒருவரைத் தெய்வங்களுக்குப் பலியிடத் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். சீட்டு ஹிர்ட்ஸ்ஹால்ஸ் என்ற மாக்டெபர்க் நகரத்தார் பேரில் விழுந்தது. அவர் ஹெர்குஸைப் பார்த்து, அந்த ஊரில் நீ இருந்தபோது உனக்கு நான் செய்த உபகாரத்தை நினைத்துப் பார் என்று கெஞ்சினார். ஹெர்குஸ் அவரை விடுவித்து மறுபடி சீட்டுப் போடச் சொன்னார். மீண்டும் அவர் பேரிலேயே விழுந்தது. மறுபடியும் விடுவித்தார். மூன்றாம் முறையும் அவரே. இனி விடுவிக்க வேண்டாம் என்று அந்த மனிதர் தாமே முன்வந்தார். குதிரை மேல் கட்டி வைத்து எரித்தார்கள். எதிரியை அரக்கனாகக் காட்ட வேண்டிய நூலில், இரண்டு முறை நண்பனைக் காப்பாற்றப் பார்த்தவன் என்றும் எழுதி வைத்திருக்கிறார் அந்தப் பாதிரியார். 1273-ல் ஹெர்குஸ் தன் கூடாரத்தில் தனியாக இருந்தபோது பிடிபட்டார். மரத்தில் தூக்கிலிட்டு, வாளாலும் குத்தினார்கள்.

மறு வருஷத்தோடு கலகம் ஓய்ந்தது. 1283-ல் கடைசிக் குலமான சுடோவியரும் அடங்கினார்கள். பலர் லிதுவேனியாவுக்கு ஓடினார்கள். 1,600 பேரைச் சாம்பியாவின் ஒரு மூலைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். சுடோவியா பெரும்பாலும் காடாயிற்று. கிறிஸ்ட்பர்க் பத்திரத்தின் உரிமைகள் போயின. சபைக்கு விசுவாசமாக நின்ற சில குடும்பங்களுக்குத் தனித்தனிச் சாஸனம் கிடைத்தது; மற்றவர்கள் நாளடைவில் பண்ணையாட்கள் ஆனார்கள்.

அழைத்தவர்களின் கதி? 1308-ல் போலந்தின் வ்லாதிஸ்லாவ், பிராண்டென்பர்க் படையிடமிருந்து டான்சிக் நகரைக் காப்பாற்றச் சபையை அழைத்தார். சபை வந்து, பிராண்டென்பர்க் படையை விரட்டிவிட்டு, டான்சிக்கைத் தானே வைத்துக்கொண்டது. நகர மக்களில் பலர் கொல்லப்பட்டார்கள். போலந்து போப்பின் நீதிபதிகள் முன் வழக்குத் தொடுத்தது. 1321-லும் 1339-லும் தீர்ப்பு போலந்துக்குச் சாதகம். நிலம் மட்டும் கைக்கு வரவில்லை. டிகிரி கையில் இருக்கும், அமல் ஆகாது. நம்மில் பலருக்கும் பழக்கமான நிலைதான். கொன்ராட் தமது சாஸனத்தில் 'மரக்கோட்டை மட்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்தேன். ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஹங்கேரியில் ஷரத்து காப்பாற்றவில்லை. பின்னால் படை இருந்த ஓர் அரசர் காப்பாற்றினார்.

1410-ல் கிருன்வால்ட் போர்க்களத்தில் போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்து சபையைத் தோற்கடித்தன. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சில வருஷம் கழித்துக் கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பேரவையில் நடந்த வாதம். கிராக்கோவ் பல்கலைக்கழகத்தின் ரெக்டரான பாவெல் வ்லோட்கோவிட்ஸ் 1415-ல் எழுந்து, கிறிஸ்தவர் அல்லாதவருக்கும் நிலம் வைத்துக்கொள்ளவும் தங்களைத் தாங்களே ஆளவும் உரிமை உண்டு, அமைதியாக வாழ்பவரைப் படையெடுத்து மதம் மாற்றக் கூடாது, அவர்கள் நிலத்தைத் தானம் கொடுக்கச் சக்ரவர்த்திக்கு அதிகாரமில்லை என்று வாதிட்டார். தாய்ப்பத்திரத்தையே கேள்வி கேட்டவர் அவர். அது நடந்தது ரிமினி சாஸனத்துக்கு ஏறக்குறைய 190 வருஷம் கழித்து. சமோகிதியர்களும் தங்கள் புகாரை அங்கே கொண்டு வந்தார்கள். பேரவை உறுதியான முடிவு ஒன்றும் சொல்லவில்லை.

1525-ல் பெருந்தலைவர் ஆல்ப்ரெக்ட் லூதரின் வழிக்கு மாறி, துறவைக் கைவிட்டு, கிராக்கோவில் போலந்து அரசர் முன் மண்டியிட்டு, பிரஷ்யாவின் கோமகனாக எழுந்தார். சபையின் சொத்து குடும்பச் சொத்தாயிற்று. 1701-ல் அதே ஹோஹென்ஸோலர்ன் வம்சத்து ஃப்ரெடெரிக் கோனிக்ஸ்பெர்க்கில் முடிசூட்டிக்கொண்டார். பிரஷ்யன் என்றாலே விறைப்பான ஜெர்மானிய ராணுவ அதிகாரி என்று உலகம் நினைக்கிற அளவுக்கு, ஜெயித்தவர்களின் பெயராகிவிட்டது தோற்றவர்களின் பெயர். 1947-ல் நேச நாடுகள் பிரஷ்யா என்ற ராஜ்ஜியத்தையே சட்டப்படி கலைத்தன. டியூட்டானிக் சபை இன்றும் இருக்கிறது, வாள் இல்லாமல், தலைமையகம் வியன்னாவில்.

பழைய பிரஷ்யரின் மொழியில் மிஞ்சியவை ஒரு கைப்பையில் அடங்கும். 800 சொற்கள் கொண்ட ஒரு ஜெர்மன்–பிரஷ்யச் சொற்பட்டியல். 1369 வாக்கில் ஒரு கையெழுத்துப் பிரதியில் யாரோ கிறுக்கி வைத்த இரண்டு வரிக் கேலி. குடிக்க ஆசை, காசு கொடுக்க மனமில்லை என்று ஒருவனைக் கிண்டல் செய்வது. பிறகு, மத போதனைக்காக 1545-லும் 1561-லும் அச்சான மூன்று சிறு நூல்கள். மூன்றாவதை மொழிபெயர்த்த பாதிரியார் ஆபெல் வில்லுக்குத் துணையாயிருந்தவர் பால் மெகாட் என்ற பிரஷ்யர். அந்த நூலின் ஒரு பிரதியில் பிற்காலத்தில் ஒருவர் கையால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இந்த மொழி அடியோடு மறைந்துவிட்டது, குரோனிய மணல்திட்டில் இதை அறிந்த ஒரே கிழவர் 1677-ல் இறந்துபோனார் என்கிறது அது. அதன் கீழேயே, இன்னும் சிலர் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள் என்றும் சேர்த்திருக்கிறார்.